கன்னிமூலைப் பிள்ளையாரும் கண்டக்டர் வேட்டியும்

மார்ச் 4, திங்கள்

ரத்த அழுத்தம் நூற்று அறுபதில் நிற்கிறதாம். டாக்டர் மாத்திரையை மாற்றிவிட்டு, "மனசுல எதையாச்சும் போட்டு அமுக்கி வெச்சிருக்கீங்களா?" என்று கேட்டார். ஒன்றுமே இல்லை என்றேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மனைவி சுலோச்சனா மின்விசிறியைப் பார்த்தாள். தினமும் நாலு வரி எழுதினால் பாரம் குறையும் என்று சொல்லி டாக்டர் அனுப்பிவிட்டார்.

உரக்கடையில் கொடுத்த டைரி ஒன்று காலியாகக் கிடந்தது. நான் முப்பது வருடம் நூல் சாயப்பட்டறை நடத்தினவன். எழுதியதெல்லாம் எந்தக் கலருக்கு எத்தனை கிராம் என்பதுதான். கதையெல்லாம் எழுத வராது, நடந்ததை எழுதுகிறேன்.

நடந்தது: காலையில் இட்லி. மதியம் அரைக்கீரை. சாயங்காலம் கண்டக்டரோடு சீட்டு, நான் ஜெயித்தேன். பாரம் ஒன்றும் இல்லை.

மார்ச் 5, செவ்வாய்

கண்டக்டர் என்றால் யார் என்று எழுத வேண்டுமாம். சுலோச்சனா எட்டிப் பார்த்துச் சொன்னாள். (எட்டிப் பார்க்கக் கூடாது என்று நானும் சொல்லிவிட்டேன்.)

பேர் நாகமாணிக்கம். முப்பத்து நாலு வருடம் பஸ் கண்டக்டர். ஓய்வு பெற்ற பிறகும் விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு திரிகிற ஆள். பதினேழு வருடத்துக்கு முன்னால் நான் பட்டறையை மூடியபோது, கிணற்றோடு சேர்த்துப் பத்து சென்ட் நிலத்தை அவருக்குக் கொடுத்தேன். "தண்ணி கல்கண்டாட்ட இருக்கும், கண்ணை மூடிட்டு வாங்குங்க" என்று நான்தான் சொன்னேன். ஓய்வு பெற்றதும் அங்கே வீடு கட்டிக் குடிவந்தார். வந்த நாளிலிருந்து சாயங்காலம் ஐந்து மணிக்குச் சீட்டு. அவர் என்னை மாஸ்டர் என்பார், நான் அவரைக் கண்டக்டரே என்பேன். எனக்கு வேறு சிநேகிதர் கிடையாது, தேவைப்படவும் இல்லை.

இரண்டு வீட்டுக்கும் நடுவில் வேலி, வேலியில் ஒரு சந்து. சந்தை ஒட்டி என் நிலத்தின் கன்னிமூலையில் ஒரு பிள்ளையார். பட்டறையை மூடிய கையோடு நானே வைத்தது. "கோயில் பக்கமே தலை வெச்சுப் படுக்காத மனுசனுக்குத் திடீர்னு என்ன வந்துச்சு?" என்று சுலோச்சனா அப்போதே கேட்டாள். வாஸ்து என்றேன். அந்த மூலையில் மண்வெட்டி படக் கூடாது என்பது மட்டும் என் கண்டிப்பு. அவள் வாழை வைக்கிறேன் என்றாள், முருங்கை வைக்கிறேன் என்றாள், விடவில்லை. பக்தி என்றால் அப்படித்தான்.

கண்டக்டர் வீட்டம்மா கோகிலா எனக்குத் தங்கச்சி மாதிரி. அவர்கள் மகள் யமுனா பெங்களூரில் இருக்கிறாள். ஏழு வருடம் கழித்து இப்போது உண்டாகியிருக்கிறாள். பிள்ளை நல்லபடியாகத் தங்க வேண்டும் என்று கோகிலா ஒரு மண்டலம் வேண்டிக்கொண்டு, தினமும் தன் கிணற்றிலிருந்து இருபத்தொரு குடம் இறைத்துப் பிள்ளையார் தலையில் ஊற்றினாள். இன்றோடு நாற்பத்தெட்டு நாள் முடிந்தது. சுண்டல் கொடுத்தாள். உப்பு சரியாக இருந்தது.

மார்ச் 9, சனி

காலை ஆறரைக்கு விசில் சத்தம். ஒற்றை விசில் என்றால் வண்டியை நிறுத்து என்று அர்த்தம். ஓடினேன்.

கண்டக்டர் கிணற்றுமேட்டில் வாளியோடு நின்றுகொண்டிருந்தார். "மாஸ்டர், இங்க வந்து பாருங்க. இது தண்ணியா, கலர் சோடாவா?"

வாளித் தண்ணீரில் ஏதோ ஒரு நிறம். கோகிலா பச்சை என்றாள். கண்டக்டர் நீலம் என்றார். என்னைக் கேட்டார்கள். எனக்குக் கண் சரியில்லை, கண்ணாடி எடுத்து வரவில்லை என்றேன். சுலோச்சனா பின்னாலேயே கண்ணாடியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். போட்டுக்கொண்டு பார்த்தேன். பாசியாக இருக்கும் என்றேன்.

முப்பது வருடம் கலரில் கிடந்தவன் பாசி என்று சொன்னால் யாரும் மறுத்துப் பேசுவதில்லை. சுலோச்சனா மட்டும் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

மார்ச் 10, ஞாயிறு

அழுத்தம் நூற்று எழுபது. கத்தரி வெயில் வருகிறதல்லவா, அதனால்.

மார்ச் 14, வியாழன்

கண்டக்டர் வேட்டி துவைத்திருக்கிறார். வெள்ளையாகப் போனது வேறாக வந்தது. இன்னொருவராக இருந்தால் தூக்கிப் போட்டிருப்பார். இவர் அதைக் கட்டிக்கொண்டு ஊரெல்லாம் சுற்றுகிறார். டீக்கடையில் கேட்கிறவர்களுக்கெல்லாம், "எம்பட கெணத்துத் தண்ணிக்கு வந்த யோகம்ங்க" என்று சொல்கிறார். சாயங்காலம் அதையே கட்டிக்கொண்டு எதிரில் உட்கார்ந்து சீட்டுப் போட்டார். என்னால் ஆட்டத்தில் கவனம் வைக்க முடியவில்லை, தோற்றேன்.

காரணங்களை நானே எடுத்துச் சொன்னேன். மேலே எங்கோ யாராவது எதையாவது கொட்டியிருக்கலாம். மோட்டாரில் செம்புக் கம்பி கரைந்திருக்கலாம். ஹோலிப் பொடியை விட்டுவிட்டேன், ஹோலி இன்னும் வரவில்லை என்பதால்.

கோகிலா வேறு முடிவுக்கு வந்திருக்கிறாள். பிள்ளையாருக்கு ஏதோ குறை வைத்துவிட்டோமாம், அதனால் இன்னொரு மண்டலம். இந்த முறை ஐம்பத்தொரு குடம். "இத்தனை வேண்டாம் தங்கச்சி, சாமிக்குச் சளி பிடிச்சுக்கும்" என்றேன். சிரித்துவிட்டு ஊற்ற ஆரம்பித்துவிட்டாள். பீடத்தில் ஒரு விரல் அகலத்துக்கு வெடிப்பு இருக்கிறது. பக்கத்தில் தானாக முளைத்த அரசமரத்தின் வேர் வேலை. ஊற்றிய தண்ணீரெல்லாம் அதற்குள் கடகடவென்று இறங்குகிறது. நான் அங்கே நிற்கவில்லை.

மார்ச் 20, புதன்

தண்ணீரைச் சோதிக்கச் சொல்லிக் கண்டக்டர் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் மனுப் போட்டிருந்தார், நாளைக்கு அதிகாரி வருகிறார்.

மார்ச் 21, வியாழன்

இன்றைய கூத்தை விவரமாக எழுத வேண்டும்.

அதிகாரி ஒரு சின்னப் பெண், பேர் ரெஹானா. ஒரு பெட்டி நிறையக் கண்ணாடிப் பாட்டில். கிணற்றில் வாளியை விட்டு எடுத்தால் தண்ணீர் பளிங்கு மாதிரி இருக்கிறது! கண்டக்டர் வாயைப் பிளந்துவிட்டார். "நேத்துச் சாயங்காலம்கூட இருந்துச்சுங்க மேடம், இந்த வேட்டியைப் பாருங்க" என்று வேட்டி நுனியைத் தூக்கிக் காட்டினார்.

விஷயம் இதுதான். வீட்டுக்கு அதிகாரி வருகிறார் என்று கோகிலா வாசல் தெளித்து, வெள்ளையடித்து, மாவிலை கட்டி, கிணற்றுக்குள் ஐந்து கிலோ பிளீச்சிங் பவுடரும் கொட்டியிருக்கிறாள். "வர்றவீங்க மொகம் சுளிக்கற மாதிரியா தண்ணியை வெச்சிருக்கறது?" என்பது அவள் நியாயம். ரெஹானா சிரிப்பை அடக்கிக்கொண்டு, "கலர் திரும்பி வந்ததும் கூப்பிடுங்கம்மா, அதுவரைக்கும் எதுவும் போடாதீங்க" என்று சொல்லிவிட்டுக் காபி குடித்துப் போனாள்.

இரவு இரண்டு இட்லி கூடுதலாகச் சாப்பிட்டேன். ஏன் என்று சுலோச்சனா கேட்கவில்லை, சட்னியை மட்டும் நங்கென்று வைத்தாள்.

மார்ச் 28, வியாழன்

கலர் வந்துவிட்டது. முன்னைவிடக் கெட்டி.

ரெஹானா வந்து பாட்டில்களை நிரப்பினாள். இது சாயக் கழிவுதான் என்று பார்த்ததும் சொல்லிவிட்டாள். பாத்திரம் கழுவவும் ஆகாதாம், குளித்தால் தோலுக்குக் கெடுதலாம். பிறகு என்னிடம் வந்தாள். "நீங்க பட்டறை வெச்சிருந்தீங்களாம். அப்பக் கழிவுச் சேறு எல்லாம் எங்க சார் போட்டீங்க?"

எல்லாம் லாரியில் போய்விட்டது என்றேன். பழைய தொட்டி இருந்த இடம் என்று ஈசானி மூலையைக் காட்டினேன். அவளோடு வந்த ஆட்கள் மண் துளைக்கும் திருகு வைத்து ஆறு இடத்தில் துளைத்துப் பார்த்தார்கள். அருமையான செம்மண் வந்தது. அந்தப் பெண் வியர்த்துக் கொட்டி நின்றாள். மோர் கொடுத்தேன். நன்றி சார் என்றாள்.

போகும்போது பிள்ளையார் முன்னால் நின்று, "இது எப்ப வெச்சது?" என்று கேட்டாள். ரொம்பப் பழைய கோயில் என்றேன். சுலோச்சனாவுக்கு அந்த நேரம் பார்த்து இருமல் வந்துவிட்டது.

ஏப்ரல் 1, திங்கள்

கண்டக்டர் சீட்டைக் கலைத்துக்கொண்டே சொன்னார். "வளைகாப்பு முடிஞ்சு யமுனாவை இங்கதான் கூட்டிட்டு வரோணும்னு இருந்தோம் மாஸ்டர். மொதப் பிரசவம். இந்தத் தண்ணியில கைக்கொழந்தையை எப்படிங்க குளிப்பாட்டறது? வீட்டை வந்த வெலைக்குக் கொடுத்துட்டுப் பெங்களூருக்கே போயிரலாம்னு கோகிலா சொல்றா. எனக்கும் அதான் சரின்னு படுது."

ஏப்ரல் முதல் தேதி என்பதால் விளையாடுகிறார் என்று நினைத்தேன். "நல்ல ஆளைப் பாத்தீங்க ஏமாத்தறதுக்கு" என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. சீட்டைப் பிரிக்காமலேயே எழுந்து போய்விட்டார்.

ஏப்ரல் 2, செவ்வாய்

சீட்டு இல்லை.

ஏப்ரல் 3, புதன்

சீட்டு இல்லை. யாரோ இரண்டு பேர் வந்து கண்டக்டர் வீட்டை வெளியிலிருந்து அளந்து பார்த்துவிட்டுப் போனார்கள். கோகிலா குடம் ஊற்றுவதை நிறுத்தவில்லை. இன்று ஐம்பத்தொன்றையும் நான் எண்ணினேன்.

ஏப்ரல் 4, வியாழன்

ரெஹானா கடைசியாக வந்தாள். எங்கிருந்து இறங்குகிறது என்று கண்டுபிடிக்க முடியவில்லை என்றால் கிணற்றை மூடச் சொல்லி எழுதுவதைத் தவிர வேறு வழியில்லையாம். கிணற்றடித் துவைக்கும் கல்லில் காகிதத்தை வைத்து நிரப்பிக்கொண்டிருந்தாள். ஒரு இடத்தில் பேனா நின்றது.

"நிறம்னு ஒரு கட்டம் இருக்கு. என்னன்னு போடட்டும்?"

"பச்சைன்னு போடுங்க கண்ணு" என்றாள் கோகிலா.

"நீலம்ங்க. நல்லாப் பாருங்க, நீலம்" என்று கண்டக்டர் வேட்டியைக் காட்டினார்.

"அடிக்கிற வெயில்ல கொஞ்சம் ஊதாவும் தெரியுது" என்று ரெஹானா இழுத்தாள்.

அந்த மூன்று பேரும் ஒரு கலருக்குப் பேர் தெரியாமல் தடுமாறியதை என்னால் தாங்க முடியவில்லை. உண்மையைச் சொல்ல வேண்டும் என்று நான் நினைக்கவே இல்லை. வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"மயில் கழுத்து."

எல்லோரும் திரும்பினார்கள்.

"அது மயில் கழுத்து அம்முணி. மூணு பங்கு நீலம், ஒரு பங்கு பச்சை, கடைசியா ஒரு சிட்டிகை ஊதா. இந்தச் சுத்துவட்டாரத்துல வேற எவனுக்கும் இந்தப் பதம் வராது. இது எம்பட கலர்."

நான் பிள்ளையாரைக் காட்டினேன். "சேறு அவருக்குக் கீழ இருக்குது."

ஏப்ரல் 5, வெள்ளி

டாக்டர் சொன்ன நாலு வரியை இப்போதுதான் எழுதப் போகிறேன்.

பட்டறையை மூடு என்று உத்தரவு வந்தது. ஒரு வருடத்துச் சேறு மூட்டை மூட்டையாகக் கிடந்தது. முறையாகக் கொண்டுபோய்ப் போட அலைய வேண்டும், எனக்கு எல்லார் மேலும் கோபம். கன்னிமூலையில் எட்டடிக் குழி வெட்டித் தார்ப்பாய் விரித்து, மூட்டைகளை அடுக்கி மூடினேன். பிறகு யாரும் தோண்டிவிடக் கூடாது என்று மேலே பிள்ளையாரை வைத்தேன். மறு மாதம் கண்டக்டருக்கு நிலத்தைக் கொடுத்தேன். கல்கண்டாட்டத் தண்ணி என்றும் சொன்னேன். சுலோச்சனா ஊருக்குப் போயிருந்தாள், அவளிடம்கூடச் சொல்லவில்லை. அவளுக்குத் தெரியும் என்பது எனக்கும் தெரியும்.

அரசமர வேர் தார்ப்பாயைக் கிழித்திருக்கிறது. அந்தக் கிழிசல் வழியாகக் கோகிலா தினமும் தண்ணீர் ஊற்றி, என் சேற்றைக் கழுவித் தன் கிணற்றுக்கே அனுப்பியிருக்கிறாள். அதைப் பார்த்துக்கொண்டே நான் சும்மா இருந்தேன். இதை எழுத வெட்கமாக இருக்கிறது.

நேற்றுக் கோகிலாதான் முதலில் பேசினாள். "அப்ப நான் இத்தனை நாளா ஆருக்குண்ணா தோப்புக்கரணம் போட்டேன்? உங்க சாக்கு மூட்டைக்கா?" கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். மெதுவாகத்தான் கேட்டாள். கண்டக்டர் உள்ளே போய்விட்டார். ரெஹானா காகிதத்தை நீட்டினாள். புதைத்தவர் பெயர் என்ற இடத்தில் சென்னியப்பன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வழக்கும் அபராதமும் என்ன வருமோ வரட்டும்.

தினமும் அவர்கள் வீட்டுக்குத் தெருக்குழாயிலிருந்து நல்ல தண்ணி இருபத்தொரு குடம் கொண்டுபோய்க் கொடுப்பது என்று முடிவு செய்து, இன்று காலையே ஆரம்பித்துவிட்டேன். மொபெட்டில் ஒரு நடைக்கு மூன்று குடம், ஏழு நடை. கதவைத் திறக்கவில்லை. வாசலில் வரிசையாக வைத்துவிட்டு வந்தேன்.

மாலை அழுத்தம் பார்த்தாள் சுலோச்சனா. நூற்று நாற்பது. இருமுறை பார்த்தாள்.

ஏப்ரல் 15, திங்கள்

ஐயர் வந்து பிள்ளையாரைக் கும்பத்துக்கு மாற்றினார். விக்கிரகத்தை யார் வீட்டில் வைப்பது என்ற பேச்சு வந்தது. "அவரு என்ன பண்ணுவாரு பாவம், வெச்ச எடத்துல உக்காந்திருந்தாரு" என்று சொல்லிக் கோகிலா தன் வீட்டுக்கே கொண்டுபோய்விட்டாள். நான் வைத்த சாமி என் வீட்டுக்கு வரவில்லை.

பிறகு இயந்திரம் வந்தது. எட்டடியில் முதல் மூட்டை கிழிந்து வெளியே வந்தபோது எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். பதினேழு வருடம் கழித்தும் கலர் அப்படியே இருந்தது, துளி மங்கவில்லை. ஒரு நொடி பெருமையாக இருந்தது. எழுதக் கூடாதுதான், ஆனாலும் இருந்தது.

ரெஹானா கையுறையோடு அடிமண்ணைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இந்த வருசம்தான் இறங்க ஆரம்பிச்சிருக்கு சார். இன்னும் ரெண்டு வருசம் விட்டிருந்தா தெருவுக்கே போயிருக்கும்" என்றாள். மூட்டைகளும் கறைபட்ட மண்ணும் மூடிய லாரிகளில் இதற்கென்றே இருக்கும் இடத்துக்குப் போயின. அன்றைக்கு நான் அலைய மறுத்த அதே இடந்தான். செலவு என்னுடையது.

ஏப்ரல் 22, திங்கள்

கிணற்றைச் சுத்தமாக இறைத்து, வண்டியில் ஏற்றிச் சுத்திகரிப்புக்கு அனுப்புகிறார்கள். ஊறியதும் மறுபடி இறைக்கிறார்கள்.

சுலோச்சனா பரணிலிருந்து பழைய வெள்ளை நூல் சிட்டங்களை, சுற்றிக் கட்டிய நூல் கற்றைகளை, எடுத்துப் போட்டாள். "ஆய்வுக்கூடத்துக் காகிதம் வர்றப்ப வரட்டும். உங்களுக்குத் தெரிஞ்ச மாதிரி நீங்க பாருங்க" என்றாள். ஒரு சிட்டத்தைக் கயிற்றில் கட்டிக் கிணற்றில் முக்கி, ஒரு நாள் ஊறவிட்டு எடுத்தேன். முழு மயில் கழுத்து. வேலிக் கம்பியில் தொங்கவிட்டேன். இனி திங்களுக்குத் திங்கள் ஒன்று.

மே 13, திங்கள்

கம்பியில் நாலு சிட்டம். நாலாவது இளநீலம், மழை விட்ட வானம் அளவுக்குத்தான். வீட்டு விலை பேச வந்தவர்களைக் கண்டக்டர் அடுத்த மாதம் வரச் சொன்னாராம். சுலோச்சனா தகவல்.

மே 22, புதன்

இன்று நாற்பத்தெட்டாவது நாள். இருபத்தோராவது குடத்தை வாசலில் வைத்துவிட்டு மொபெட்டைத் திருப்பினேன். பின்னால் ஒற்றை விசில்.

நிறுத்தினேன்.

கண்டக்டர் அந்த வேட்டியைக் கட்டிக்கொண்டு கதவருகில் நின்றார். "ஒரு மண்டலம் முடிஞ்சுது. போதும், எறங்குங்க."

"இன்னும் தண்ணி சரியாகலீங்களே."

"நீங்க செஞ்சது சின்னக் காரியம் இல்லீங்க மாஸ்டர். நான் மறக்க மாட்டேன்." ஒரு குடத்தைத் தூக்கி உள்ளே வைத்தார். "ஆனா சீட்டாடறதுக்கு மறக்கோணும்னு அவசியம் இல்ல. அம்பத்தோரு நாளாச்சு, கையெல்லாம் நமநமங்குது."

கோகிலா உள்ளேயிருந்து, "அண்ணனுக்குக் காபி போடட்டுமா, இல்ல கெணத்துத் தண்ணியே குடுக்கட்டுமான்னு கேளுங்க" என்றாள். நான் அங்கேயே, மொபெட்டைப் பிடித்துக்கொண்டே அழுதுவிட்டேன். கண்டக்டர் அதைப் பார்க்காத மாதிரி விசிலைத் துடைத்தார்.

சீட்டில் ஐந்து ஆட்டமும் அவரே ஜெயித்தார். நான் விட்டுக்கொடுக்கவில்லை, உண்மையிலேயே தோற்றேன்.

ஜூன் 24, திங்கள்

நல்ல மழை. வளைகாப்பு முடிந்து யமுனா வந்துவிட்டாள். பத்தாவது சிட்டத்தை அவள்தான் கிணற்றிலிருந்து தூக்கினாள். வெள்ளையில் ஒரு சந்தேகம் மட்டும் இருந்தது. "வெள்ளைதானே மாமா?" என்றாள். இல்லை என்றேன். இந்த விஷயத்தில் இனி நான் பொய் சொல்வதாக இல்லை.

ஜூலை 22, திங்கள்

ரெஹானாவின் காகிதம் வந்தது. துவைக்கலாம், குளிக்கலாம். குடிப்பதற்கு இன்னும் இரண்டு சோதனை பாக்கி. பதினாலாவது சிட்டம் வெள்ளையாகப் போய் வெள்ளையாகவே வந்தது. வெயிலில், நிழலில், கண்ணாடியோடு, கண்ணாடி இல்லாமல் பார்த்தேன். சாயமே ஏறாத நூலைப் பார்த்து இப்படிச் சந்தோஷப்படுவேன் என்று பட்டறை நாட்களில் யாராவது சொல்லியிருந்தால் அடிக்கப் போயிருப்பேன்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

பெண் குழந்தை. மூன்று கிலோ. கண்டக்டர் ஆஸ்பத்திரி வாசலில் இரட்டை விசில் அடித்து நர்ஸிடம் திட்டு வாங்கினார்.

தூளி கட்ட மெத்தென்று பழைய வேட்டி வேண்டும் என்று கோகிலா அந்த மயில் கழுத்து வேட்டியை எடுத்திருக்கிறாள். "பாப்பாவுக்குக் கலரும் நல்லாருக்கும்" என்றாராம் கண்டக்டர். ஓடிப்போய்ப் பிடுங்கினேன். என் பீரோவிலிருந்து நாலு வெள்ளை வேட்டி கொடுத்தேன். பிடுங்கியது என்னிடமே இருக்கிறது. துவைக்கப் போடவில்லை.

ஆகஸ்ட் 19, திங்கள்

காலை வெயில். கோகிலா குழந்தைத் துணிகளைக் கிணற்றுத் தண்ணீரில் அலசிக் கொடியில் போட்டிருந்தாள். வேலிச் சந்தில் நின்று எண்ணினேன். பதினாலு துணி. பதினாலும் வெள்ளை.